கேட்டமரானில் குடும்பத்தோடு அட்லாண்டிக்கைக் கடப்பது: படகு தாங்கும், தூக்கம் தாங்குமா?

கேள்வி இதுதான்: சொந்தமாக 42 அடி கேட்டமரான், அதாவது இரட்டை உடல் பாய்மரப் படகு, இருக்கிறது. கணவன், மனைவி, 8 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கானரித் தீவுகளிலிருந்து கரீபியனுக்கு அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும். துணைக்கு இரண்டு பேரை ஏற்றிக்கொள்வது அவசியமா? படகு தாங்குமா, பிள்ளைகள் தாங்குவார்களா, என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

இந்த வழியில் நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை வேறொருவர் படகில் துணையாளாக. அடுத்த முறை எங்கள் 44 அடி கேட்டமரானில், மனைவி, உங்கள் பிள்ளைகள் வயதிலேயே இருந்த எங்கள் பிள்ளைகள் இருவர், துணையாட்கள் இருவர் என்று ஆறு பேராக. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒழுங்காகப் பராமரித்த படகு தாங்கும். பிள்ளைகள் உங்களை விட நன்றாகவே தாங்குவார்கள். எனக்குக் கவலையெல்லாம் பெரியவர்களின் தூக்கத்தைப் பற்றித்தான். நடுக்கடலில் நடக்கும் பெரும்பாலான தவறுகளைப் பின்னோக்கிப் பார்த்தால், மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத ஒருவர் இரவு 3 மணிக்கு எடுத்த முடிவில் போய் நிற்கும். பாய் எவ்வளவு விரிப்பது, யாரை ஏற்றுவது, எந்த வழியில் போவது என்று கீழே சொல்லும் எல்லாவற்றையும் நான் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்கிறேன்.

முதலில் வழி. கிரான் கானரியாவின் லாஸ் பால்மாஸிலிருந்து செயின்ட் லூசியாவின் ராட்னி பே வரை சுமார் 2,700 கடல் மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். சுமை ஏற்றிய 42 அடி கேட்டமரானுக்கு நாளொன்றுக்கு 150 மைல் என்று கணக்கு வையுங்கள். 18 நாள் வரும். 21 நாளுக்கு மனதைத் தயார் செய்துகொண்டு, 30 நாளுக்குச் சாப்பாடு ஏற்றுங்கள். கரீபியனின் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதால் நவம்பர் கடைசிக்கு முன்னால் கிளம்புவதில் அர்த்தமில்லை. உங்கள் காப்பீட்டு நிறுவனமும் அனேகமாக விடாது. ஜிம்மி கார்னெல் 1986-ல் தொடங்கிய ஏஆர்சி என்ற கூட்டுப் பயணமும் நவம்பரில்தான் லாஸ் பால்மாஸிலிருந்து கிளம்புகிறது. ஆரம்பத்தில் அது பார்படோஸுக்குப் போனது. 1990 முதல் செயின்ட் லூசியாவுக்குப் போகிறது. ஆனால் நவம்பரில் வணிகக் காற்று, அதாவது வடகிழக்கிலிருந்து விடாமல் வீசும் காற்று, பல வருடங்களில் முழுதாக நிலைபெற்றிருக்காது. அவசரம் இல்லையென்றால் டிசம்பர் நடுவிலோ ஜனவரியிலோ கிளம்புங்கள். கிறிஸ்துமஸைக் கரையில் கொண்டாட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக நல்ல காற்றை விட்டுவிட்டு முன்கூட்டியே ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

வரைபடத்தில் நேர்கோடு போட்டு மேற்கே போக முடியாது. அசோர்ஸ் தீவுகள் பக்கம் நிலைகொள்ளும் உயர் அழுத்தப் பகுதியின் தெற்கு ஓரமாக வீசும் வடகிழக்குக் காற்றைப் பிடிக்க முதலில் தெற்கே இறங்க வேண்டும். ‘வெண்ணெய் உருகும் வரை தெற்கே போ, பிறகு மேற்கே திரும்பு’ என்பது மாலுமிகளின் பழைய பேச்சு. வடக்கு 20 பாகை, மேற்கு 30 பாகை அருகே போய்த் திரும்புவது வழக்கம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு: ஆப்பிரிக்காவுக்கு மேற்கே இருக்கும் கேப் வெர்டே தீவுகளின் மின்டெலோ துறைமுகத்துக்குப் போங்கள். லாஸ் பால்மாஸிலிருந்து அங்கே சுமார் 850 மைல், ஆறு நாள். அங்கிருந்து கரீபியனுக்கு ஏறத்தாழ 2,100 மைல், இரண்டு வாரம். அந்த ஆறு நாளில் உங்கள் படகில் எது உடையும், யாருக்கு யாரோடு ஒத்துப்போகாது என்பது தெரிந்துவிடும். மின்டெலோவில் இறங்கி விமானம் ஏறுகிற வாய்ப்பு ஒன்று இருக்கிறது என்ற எண்ணமே தயக்கமுள்ள ஆளுக்குப் பெரிய தெம்பு. எங்கள் துணையாட்களில் ஒருவர் முதல் மூன்று நாளும் ‘மின்டெலோவில் இறங்கிவிடுகிறேன்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கரை வந்ததும் குளித்துவிட்டு, 12 மணி நேரம் தூங்கி எழுந்து, அடுத்த கட்டத்துக்குத் தக்காளி வாங்கக் கிளம்பிவிட்டார்.

இனி கேட்டமரானின் குணம். ஒற்றை உடல் பாய்மரப் படகில் காற்று கூடினால் படகு சாயும். சாய்வு கூடினால் சமையலறையில் தட்டு விழும், தூங்குகிறவர் உருளுவார், யாராவது ‘பாயைக் குறை’ என்று கத்துவார். படகே எச்சரிக்கை கொடுக்கும். கேட்டமரான் 7 மீட்டருக்கு மேல் அகலமாகக் காலை அகட்டி நிற்பதால் சாயாது. மேசையில் காபி அப்படியே இருக்கும். அந்தச் சுகத்துக்குத்தான் குடும்பங்கள் அதை வாங்குகின்றன, ஆபத்தும் அங்கேதான். பாய்மரத்தில் சுமை ஏறிக்கொண்டே போவது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) காற்று 30 ஆனால் பாயில் விழும் விசை நான்கு மடங்கு. அதோடு பின்காற்றில் ஓடும்போது இன்னொரு ஏமாற்று வேலை நடக்கும். உண்மைக் காற்று 20, படகு 8 நாட் வேகத்தில் ஓடுகிறது என்றால் முகத்தில் படுவது 12 தான். ‘என்ன இதமான காற்று’ என்று தோன்றும். ஏதோ காரணத்துக்காகப் படகைத் திருப்பும் அந்த நொடியில்தான் உண்மை முகத்தில் அறையும்.

அதனால் கேட்டமரானில் உடம்பு உணர்வதை வைத்துப் பாயைக் குறைக்கக் கூடாது, எண்ணை வைத்துக் குறைக்க வேண்டும். படகைக் கட்டியவர்கள் எந்த உண்மைக் காற்றுக்கு எந்த ரீஃப், அதாவது பாயை எத்தனை படி சுருக்குவது, என்று ஒரு அட்டவணை கொடுத்திருப்பார்கள். அதைப் பெரிய எழுத்தில் எழுதி சுக்கான் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கருவியில் உண்மைக் காற்றின் வேகம் எப்போதும் திரையில் தெரியட்டும். அதற்கு மேல் எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்று: பொழுது சாய்வதற்குள், காற்று எப்படி இருந்தாலும், பாயை ஒரு படி குறைத்துவிட வேண்டும். இதனால் நாளுக்கு 10, 15 மைல் போகும். மூன்று வாரத்தில் ஒன்றரை நாள், இரண்டு நாள் தாமதம். பதிலுக்கு இரவில் ‘எல்லோரும் எழுந்து வாங்க’ என்ற கூப்பாடு கிடையாது. என்னைப் பொறுத்தவரை இதை விட லாபமான வியாபாரம் கடலில் இல்லை.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மின்டெலோவை விட்டு ஐந்தாம் நாள். மூன்று நாளாகக் காற்று 12 முதல் 14 நாட், வானம் துடைத்து வைத்ததுபோல. ஜெனக்கர் என்ற பெரிய இலேசான முன்பாயை விரித்திருந்தோம். படகு வழுக்கிக்கொண்டு போனது. இரவு இறக்கிவிடலாமா என்று மனைவி கேட்டாள். இவ்வளவு அழகாக ஓடும்போது எதற்கு என்றேன். இரவு 2:40-க்கு, படகுக்குப் பின்னால் நட்சத்திரங்கள் ஒரு பட்டையாகக் காணாமல் போயின. ரேடாரில் அந்த மேகம் 4 மைலில் இருந்தது. நான் எழுந்து, ஹார்னஸ் (உடம்பைப் படகோடு கொக்கியால் பிணைக்கும் வார்) மாட்டி, கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் அது வந்து சேர்ந்துவிட்டது. முதலில் சில்லென்று ஒரு காற்று. அப்புறம் 34 நாட். பாயை உறைக்குள் இழுக்கும் கயிறு மழையில் நனைந்து கையில் வழுக்கியது. இரண்டு பேர் தொங்கியும் பாதிதான் இறங்கியது; மீதி தண்ணீரில் விழுந்து படகுக்கு அடியில் போய் விட்டது. விடியும் வரை அதை இழுத்து மேலே போடுவதிலேயே போனது. பாய் நீளவாக்கில் கிழிந்திருந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் மறுநாள் முழுக்க நான்கு பெரியவர்களும் நடைப்பிணம். அன்று மாலை துணையாள் ஒருவர் கேஸ் வால்வை மூட மறந்தார், நான் போக வேண்டிய திசையைத் தப்பாகக் குறித்தேன். பாய் கிழிந்ததை விட அந்த இரண்டாவது நாள்தான் என்னை பயமுறுத்தியது.

ஜெனக்கரோ, பலூன் மாதிரி உப்பும் முன்பாயான ஸ்பினக்கரோ வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்பக்கம் இரண்டு முனைகள் இருப்பதால் நீண்ட கழி எதுவும் இல்லாமல், கீழ் மூலைகளை இரு முனைகளுக்கும் கட்டி ஸ்பினக்கரை விரிக்கலாம். கேட்டமரானுக்கே உரிய வசதி அது. பின்காற்றில் பெரிய பாயை முழுதாக வெளியே விடவும் முடியாது, பாய்மரத்தைத் தாங்கும், பின்னோக்கிச் சரிந்த கம்பிகளில் உரசும். ஆகவே முன்பாயை நம்பித்தான் போக வேண்டும். பகலில் விரியுங்கள், தேநீர் நேரத்துக்கு இறக்குங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது எடை. கேட்டமரான் மெலிந்த இரண்டு உடல்களின் மேல் ஓடுகிற படகு. சுமை கூடினால் வேகம் குறைவதோடு நிற்காது. இரு உடல்களையும் இணைக்கும் மேடை தண்ணீருக்கு நெருங்கும், அலைகள் அடியிலிருந்து சம்மட்டி மாதிரி அடிக்கும். அந்த ‘டமார்’ சத்தம் முதல் இரவில் எல்லோரையும் எழுப்பிவிடும். படகு உடைகிறது என்றே தோன்றும். உடையவில்லை. ஆனால் எடை கூடக்கூட அது அடிக்கடி வரும், தூக்கமும் போகும். இடம் நிறைய இருப்பதால் நிறைய ஏற்றலாம் என்று நினைக்கிறோம். கட்டியவர் குறிப்பிட்ட சுமை வரம்பு என்ன என்று பாருங்கள். ஆறு பேர், அவர்கள் மூட்டைகள், டீசல், தண்ணீர், உதிரிகள் எல்லாம் சேர்த்துக் காகிதத்தில் கூட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருந்தால் தொட்டியைப் பாதியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது பழுதானால் என்ன என்பதற்குத் தனியாகப் புட்டியிலும் கேனிலும் வைத்திருங்கள்: ஒருவருக்கு 2 லிட்டர், ஆறு பேர், 25 நாள் என்றால் 300 லிட்டர். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். குறைக்க வேண்டியது புத்தகங்கள், கருவிப் பெட்டிகள், ‘ஒருவேளை தேவைப்படும்’ சாமான்கள். கனமானவற்றை நடுவில், தாழ்வாக வையுங்கள்; முன்முனையில் எதையும் திணிக்காதீர்கள்.

கவிழ்ந்துவிடுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். நடந்திருக்கிறது. 2010-ல் தென் பசிபிக்கில் நியூவே தீவருகே 57 அடி கேட்டமரான் ஒன்று திடீர்ப் புயல்காற்றில் கவிழ்ந்தது. அதிலிருந்த இருவரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். குடும்பப் பயணத்துக்கான பெரிய படகுகளில் இது அரிது, நடந்தால் பெரும்பாலும் பாய் அதிகமாக இருந்ததுதான் காரணம். கவிழ்ந்தால் கேட்டமரான் தானாக நிமிராது. ஆனால் அடியில் ஈய எடை இல்லாததால் மூழ்கவும் மூழ்காது, தலைகீழாக மிதக்கும். கேட்டமரான் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பது எல்லோருக்கும் தெரியும். அமைப்பில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அது சேர்த்துக் கட்டிய மரங்கள். இந்த இரட்டை உடல் பாலினீசியத் தீவுக்காரர்களின் இரட்டைத் தோணியின் வாரிசு. ஆனால் எந்த நிலையிலும் மிதந்துகொண்டே இருக்கும் என்ற குணம் மட்டும் இரண்டுக்கும் பொது. 1950-களின் நடுவில் ஜேம்ஸ் வாரம் இரண்டு பெண்களோடு வெறும் இருபத்து மூன்றரை அடி நீள இரட்டைத் தோணியில் அட்லாண்டிக்கைக் கடந்தார். அந்தப் படகு அவரே கட்டியது. உங்கள் படகின் சாப்பாட்டு மேசையும் இருக்கைகளும் அதன் பாதி நீளத்தை அடைத்துக்கொள்ளும். சரி, விஷயத்துக்கு வருவோம்.

துணையாட்கள் தேவையா? கணக்குப் போடுங்கள். டிசம்பரில் அந்த அட்சரேகையில் இரவு 12 மணி நேரத்துக்கும் மேல். யாராவது ஒருவர் எப்போதும் விழித்திருந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதிகளில் 5-ஆவது விதி. கப்பல் தொலைவில் தெரிந்து பக்கத்தில் வர 20 நிமிடம் போதும் என்பதால் அது வெறும் சம்பிரதாயமும் இல்லை. இரண்டு பேர் என்றால் ஆளுக்கு இரவில் 6 மணி நேரம் காவல், பகலில் சமையல், பழுது பார்த்தல், பிள்ளைகள். பலர் அப்படிக் கடந்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு பெரியவர் குறைவார், மிச்சம் ஒருவர்தான். நான்கு பெரியவர்கள் என்றால் ஆளுக்கு ஒரு இரவில் 3 மணி நேரம். தொடர்ந்து 6, 7 மணி நேரம் தூங்கலாம். நான்காவது இரவுக்குப் பிறகு அதன் அருமை புரியும். ஆகவே என் பதில்: முதல் தடவைக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் கிடைக்காவிட்டால் ஒருவராவது.

யாரை? கடல் அனுபவத்தை விட நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். ஒருவர் சொல்லாமலே பாத்திரம் கழுவுகிறாரா? தூக்கம் கலைந்து எழுப்பினால் முகம் சுளிக்காமல் வருகிறாரா? பிள்ளைகள் ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டால் என்ன செய்கிறார்? இவற்றை நேர்காணலில் கண்டுபிடிக்க முடியாது. கிளம்புவதற்கு முன் இரண்டு இரவு சேர்ந்து கடலில் போய் வாருங்கள். துறைமுகத்தில் சாப்பிட்டுப் பேசிச் சிரிப்பது கணக்கில் சேராது. நண்பர் என்பதற்காக ஏற்றாதீர்கள். நட்பு கெட்டால் கரையில் ஒதுங்கிக்கொள்ளலாம், படகில் 20 நாள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பாட்டுச் செலவு யாருடையது, விமானச் செலவு யாருடையது, கடலில் மது உண்டா இல்லையா, இணையம் எவ்வளவு, பிள்ளைகளைக் கண்டிக்கும் உரிமை யாருக்கு என்பதையெல்லாம் எழுத்தில் வையுங்கள். எங்கள் படகில் கடலில் மது கிடையாது. பிள்ளைகளிடம் பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் எந்தப் பெரியவரும் ‘உட்கார்’ என்று சொல்லலாம், மற்றதெல்லாம் பெற்றோர் பொறுப்பு. குடும்பத்துக்கு ஒரு உடல், துணையாட்களுக்கு மறு உடல் என்று அறைகளைப் பிரித்தோம். ஒற்றை உடல் படகில் இந்தத் தனிமையைக் கொடுக்கவே முடியாது. கணவன் மனைவி சண்டையை மெதுவான குரலில் போட்டுக்கொள்ள ஒரு இடம் வேண்டுமே.

ஒன்று மறக்க வேண்டாம். போய்ச் சேரும் நாட்டில் துணையாட்களுக்கு ஸ்கிப்பர், அதாவது படகின் தலைவர்தான் பொறுப்பு. அவர்களை இறக்கிவிடும்போது மேற்கொண்டு போக டிக்கெட் இருக்கிறதா என்று குடிவரவு அதிகாரி கேட்பார். இல்லையென்றால் அது உங்கள் தலையில் விடியலாம். விசாவையும் டிக்கெட்டையும் கிளம்பும் முன்பே கண்ணால் பாருங்கள்.

காவல் முறை எங்களுக்கு இப்படி: இரவு 7 முதல் 10 ஒருவர், 10 முதல் 1, 1 முதல் 4, 4 முதல் 7. ஆட்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சுற்று முறை நியாயமானது என்பார்கள், ஆனால் உடம்பு ஒரே நேரத்துக்குத்தான் பழகும். காவல் மாறும் ஐந்து நிமிடம்தான் நாளின் முக்கியமான ஐந்து நிமிடம். இருட்டுக்குப் பழகிய கண் கெடாமல் இருக்கச் சிவப்பு விளக்கு மட்டும். வருகிறவர் முதலில் ஹார்னஸை மாட்டுவார். கொக்கி ‘க்ளிக்’ என்று விழும் சத்தம் கேட்ட பிறகுதான் பேச்சு. ‘காற்று 19, வடகிழக்கு. மெயினில் (பெரிய பாயில்) ஒரு ரீஃப். ஒரு கப்பல் வலப்பக்கம் 9 மைல், பின்னால் போய்விடும். பாட்டரி 71 சதவீதம். பிளாஸ்கில் தேநீர் இருக்கு.’ அதைப் பதிவேட்டில் எழுதி, வருகிறவர் ஒரு முறை திருப்பிச் சொல்வார். இரண்டாவது வாரத்தில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். அப்போதுதான் கட்டாயம் செய்ய வேண்டும். இன்னொன்று, ஸ்கிப்பரை எழுப்பத் தயங்கக் கூடாது. ‘எழுப்பலாமா என்று யோசித்தாலே எழுப்பு’ என்று எழுதி ஒட்டியிருந்தேன். ஆறு தடவை எழுப்பினார்கள், ஐந்து தடவை ஒன்றுமில்லை. ஐந்து தடவையும் நன்றி சொன்னேன்.

மேற்கே போகப்போகக் கடிகாரத்தைப் பின்னால் திருப்ப வேண்டும். கானரிக்கும் செயின்ட் லூசியாவுக்கும் 4 மணி நேர வித்தியாசம். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் கூடுதலாக வரும் ஒரு மணி நேரக் காவல் யாருக்கு என்பதில் பெரியவர்களுக்குள் வந்த சண்டை வேறெதிலும் வரவில்லை. கடைசியில் பகலில் திருப்பி, அதைப் பிள்ளைகளின் விளையாட்டு நேரத்தில் சேர்த்துவிட்டோம்.

தூக்கத்தைக் காப்பாற்றும் ஐந்தாவது ஆள், தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட். அது பழுதானால் நான்கு பேரும் மாறி மாறிக் கையால் சுக்கான் பிடிக்க வேண்டும். பின்னாலிருந்து அலை தள்ளும் கடலில் ஒரு மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும். தனித்தனியாக இயங்கும் இரண்டு ஆட்டோபைலட்டுகள் இருக்கட்டும், குறைந்தபட்சம் அதன் மோட்டாரும் திசைகாட்டி உணரியும் உதிரியாக இருக்கட்டும். புதுப் பாய் வாங்கும் பணத்தை இங்கே போடுங்கள். டீசலை நம்பிக் கடலைக் கடக்க முடியாது. ஒரு இஞ்சினை மட்டும் மெதுவாக ஓட்டினால் காற்றில்லாத சில நாட்களைத் தாண்டலாம், அவ்வளவே.

பிள்ளைகள் விஷயம். முதல் மூன்று நாள் கடல்நோய் யாரையும் விடாது. கேட்டமரான் சாயாது என்றாலும் வெட்டி வெட்டி ஆடும். ஒற்றை உடல் படகில் வாந்தி எடுக்காதவர்கள் இதில் எடுப்பதுண்டு. மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே தொடங்க வேண்டும், வந்த பிறகு போட்டால் தங்காது. பெரியவர்கள் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையைப் பிள்ளைகளுக்கு ஒட்டாதீர்கள். அவர்கள் எடைக்கு எது, எவ்வளவு என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். நான்காம் நாள் காலையில் அவர்கள் எழுந்து பசிக்கிறது என்பார்கள், அதோடு சரி. அதற்குப் பிறகு சலிப்புதான் பிரச்சினை. பாடப் புத்தகம் பாதிதான் நடக்கும். நிஜ வேலை கொடுத்தால் நன்றாக நடக்கும். எங்கள் மகள் தினமும் நண்பகலில் நாங்கள் இருக்கும் இடத்தை வரைபடத்தில் பென்சிலால் குறித்து, முந்தைய நாள் எத்தனை மைல் என்று அறிவிப்பாள். மகன் காலையில் தளத்தைச் சுற்றிவந்து இரவில் வந்து விழுந்த பறக்கும் மீன்களை எண்ணுவான், கூடவே கழன்ற ஆணி, திருகு ஏதாவது தளத்தில் கிடக்கிறதா என்று பார்ப்பான். 13-ஆம் நாள் ஒரு சின்ன வளையத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். பெரிய பாயைத் தாங்கும் கிடைக்கழியின் இணைப்பிலிருந்து விழுந்தது அது. இன்னும் இரண்டு நாள் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்த ஆணியும் வெளியே வந்திருக்கும்.

தளத்தில் விழும் உலோகத் துண்டு மாதிரியே கவனிக்க வேண்டியது கயிற்றின் உரசல். இரண்டு வாரம் ஒரே திசையில் போகும்போது ஒரே கயிறு ஒரே இடத்தில் பத்தாயிரக்கணக்கான தடவை தேயும். பாயை ஏற்றும் கயிற்றை தினமும் ஒரு சாண் இழுத்தோ விட்டோ தேயும் இடத்தை மாற்றுங்கள். இரண்டாம் பாதியில் சர்காசம் என்ற மஞ்சள் கடற்பாசி கம்பளம் விரித்ததுபோல மிதந்து வரும். சுக்கானில் சிக்கும், தூண்டிலில் சிக்கும், தண்ணீர் இயந்திரத்தின் வடிகட்டியை அடைக்கும். மீன்பிடிக்கும் கனவெல்லாம் அங்கே பாதியாகக் குறையும்.

சமையலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூடி பூட்டிக்கொள்ளும் பிரஷர் குக்கர் கட்டாயம். முதல் மூன்று நாள் சாப்பாட்டைக் கரையிலேயே செய்து உறையவைத்துவிடுங்கள். அட்டைப் பெட்டி எதையும் படகுக்குள் விடாதீர்கள், கரப்பான் முட்டை அதில்தான் வரும்.

தண்ணீரில் ஆள் விழுவது, அதுதான் உண்மையான பயம். 8 நாட் வேகத்தில் ஓடும் படகு ஒரு நிமிடத்தில் 250 மீட்டர் தள்ளிப் போய்விடும்; இரண்டு மீட்டர் அலையில் ஒரு தலையைக் கண்டுபிடிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஆகவே எங்கள் சட்டங்கள் கண்டிப்பானவை. இருட்டிய பிறகு தனியாக யாரும் காக்பிட்டை (சுக்கான் பிடிக்கும் திறந்த பகுதியை) விட்டு வெளியே போகக் கூடாது, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முன்தளத்துக்குப் போனால் படகின் நீளத்துக்குக் கட்டிய வாரில் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். படகின் பின்படிகளில் நின்று சிறுநீர் கழிப்பது ஆண்களுக்கு அடியோடு தடை. பிள்ளைகள் கதவைத் தாண்டினாலே உயிர்காப்பு அங்கி. படகின் ஓரத்தில் வலை கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். பெரியவர்களின் அங்கியில் ஏஐஎஸ் (படகுகள் தங்கள் இடத்தை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் வானொலி முறை) சமிக்ஞைக் கருவி ஒன்று இருக்கட்டும். விழுந்தால் படகின் திரையிலேயே புள்ளியாகத் தெரியும். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அவசரச் சமிக்ஞை அனுப்பும் ஈபிர்ப், உயிர்காப்புத் தெப்பம் இரண்டும் கவிழ்ந்த நிலையிலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பல படகுகளில் இவை நிமிர்ந்த நிலைக்கு மட்டுமே யோசித்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு நாள் உட்கார்ந்து படகைத் தலைகீழாகக் கற்பனை செய்து பாருங்கள்.

கடைசியாக, போய்ச் சேரும் இரவு. ராட்னி பே போக வேண்டுமென்றால் தீவின் வடமுனையைச் சுற்றி, பிஜன் தீவைத் தாண்டித் திரும்ப வேண்டும். 19-ஆம் நாள் மாலை எங்களுக்கு இன்னும் 50 மைல் இருந்தது. அதே வேகத்தில் போனால் நள்ளிரவில் நுழையலாம். துணையாட்கள் இருவருக்கும் குளிர்ந்த பானம் கண்ணில் ஆடியது, பிள்ளைகள் கப்பல்துறைக்கு என்ன சட்டை போடுவது என்று முடிவு செய்தாகிவிட்டது. தெரியாத கரை, இருட்டு, களைத்த ஆட்கள், மூன்றும் சேரக் கூடாது. பெரிய பாயை இறக்கிவிட்டு, முன்பாயை ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருட்டி, 4 நாட் வேகத்தில் மெதுவாக ஊர்ந்தோம். கொஞ்ச நேரம் யாரும் என்னோடு பேசவில்லை. 10 மணிக்கெல்லாம் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். விழித்திருந்த எனக்கு 2 மணி வாக்கில் ஒரு விளக்கு தெரிந்தது, அணைந்தது, மறுபடி தெரிந்தது. கூடவே ஈர மண் வாசனை. யாரையும் எழுப்பவில்லை. விடிந்ததும் நாட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கும் மஞ்சள் கொடியை மகள் ஏற்றினாள். எல்லோருடைய பாஸ்போர்ட்டும், படகின் பதிவும், முந்தைய துறைமுகத்தின் விடுவிப்புச் சீட்டும் ஒரே உறையில் தயாராக இருந்ததால் சுங்க அலுவலகத்தில் அரை மணி நேரம்தான் ஆனது.